மேசை சிஎன்சிக்கு ஒரு பெட்டி: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

சிஎன்சி மெஷின் (கணினி சொல்லும் பாதையில் தானாக வெட்டிச் செதுக்கும் கருவி) வந்து, அதைப் பூட்டி முடித்து, முதல் மரத்துண்டில் பிட், அதாவது அதன் வெட்டும் முனை, இறங்கிய அந்த நிமிடமே ஒரு விஷயம் புரிந்துவிடும்: வீடியோக்களில் எதற்காகப் பின்னணி இசை போடுகிறார்கள் என்று. அவ்வளவு சத்தம். பத்து நிமிடம் கழித்து இன்னொன்றும் புரியும். மேசை, கீபோர்டு, புத்தக அலமாரி, உங்கள் புருவம் என்று எல்லாவற்றிலும் மெல்லிசாகத் தூள் படிந்திருக்கும். அதற்குப் பிறகுதான் பெரும்பாலானவர்கள் ‘என்க்ளோஷர்’ என்று தேட ஆரம்பிக்கிறார்கள், நானும் அப்படித்தான். இனி இதைப் பெட்டி என்றே சொல்கிறேன், அது துணிக் கூடாரமானாலும் சரி, மரத்தில் செய்ததானாலும் சரி.

இதுவரை மூன்று பெட்டி மாற்றியாயிற்று. முதல் பெட்டி பார்க்க அழகாக இருந்தது, ஆனால் மேல்மூடியை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே வைத்தால்தான் பிட் மாற்ற முடியும். ஒரு சின்னப் பெயர்ப்பலகை செதுக்கவே இரண்டு மூன்று முறை பிட் மாற்றுவோம். இரண்டு வாரம் பொறுமையாகத் தூக்கி வைத்தேன், அப்புறம் அந்த மூடி நிரந்தரமாகச் சுவரில் சாய்ந்துவிட்டது. மூடாமல் ஓட்டும் பெட்டியால் சத்தமும் குறையாது, தூளும் நிற்காது, இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கும். அதனால் கீழே எதைப் பற்றிச் சொன்னாலும், அந்தப் பெட்டியை ஒவ்வொரு முறையும் சலிக்காமல் மூடி வேலை செய்வீர்களா என்பதைத்தான் அடிப்படையாக வைத்துச் சொல்கிறேன்.

எதைத் தடுக்கப் போகிறீர்கள்?

சத்தம், தூள், தெறிக்கும் துண்டுகள். பெட்டி தடுக்க வேண்டியவை இந்த மூன்றும்தான், ஆனால் மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல. தூளுக்கு இடைவெளி இல்லாத மூடல் போதும், ஜிப் வைத்த துணிக் கூடாரம்கூட ஓரளவு தாங்கும். தெறிக்கும் துண்டுக்கு உடையாத தகடு வேண்டும். சத்தத்துக்கு எடை வேண்டும், எடை இல்லாமல் வேறு எந்தத் தந்திரமும் பெரிதாகப் பலிக்காது. மூன்றில் உங்களுக்கு எது பெரிய தலைவலி என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் மூன்றையும் ஒரே அளவில் சாதிக்கிற பெட்டி கனமாகவும் பெரிதாகவும் இருக்கும்.

என்ன மெஷின் என்பதும் முக்கியம். 3018 என்கிற சின்ன மேசை மெஷின்களில் வருவது பெரும்பாலும் 775 வகை சின்ன மோட்டார்; அது தனியே சுற்றும்போது பொறுத்துக்கொள்ளலாம், பிட் பொருளைத் தொட்டதும்தான் கத்தல் ஆரம்பிக்கும். கையில் பிடித்து மரத்தின் விளிம்பைச் செதுக்கும் ட்ரிம் ரூட்டரைப் பொருத்திய பெரிய மெஷின் என்றால் கதை வேறு. நிமிடத்துக்கு 10,000 முதல் 30,000 சுற்று வரை போகும் அந்த மோட்டாரும் அதன் விசிறியும் வெறும் காற்றில் சுற்றும்போதே அலறும். இதற்குக் கனமான பெட்டி வேண்டியிருக்கும், அல்லது சத்தம் குறைவான ஸ்பிண்டிலுக்கு (பிட்டைப் பிடித்துச் சுற்றும் மோட்டார்) மாறிவிட்டு இலேசான பெட்டியோடு திருப்திப்படலாம்.

பெட்டிக்குப் போகும் முன்பு ஒரு மாலை நேரத்தை மெஷினோடு செலவழியுங்கள். மழுங்கிய பிட்டை மாற்றிப் பாருங்கள், பொருளை இன்னும் இறுக்கமாகக் கிளாம்ப் செய்து பாருங்கள், சுற்றைக் குறைத்துப் பாருங்கள். பிட் அதிர்ந்து அதிர்ந்து வெட்டும்போது வரும் அந்தக் கீச்சுச் சத்தம் பெட்டியால் தீர்கிற வியாதி இல்லை. அதைப் பெட்டிக்குள் மறைத்தால் வெட்டு மோசமாகப் போவது உங்கள் காதுக்குத் தெரியாமல் போய்விடும், அவ்வளவுதான்.

எந்தப் பொருளை வெட்டுகிறீர்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். மரத்தூளைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. எம்டிஎஃப் (மர இழையைப் பசையிட்டு அழுத்திய பலகை) தூள் மாவு போல மெல்லிசு, நீண்ட நேரம் காற்றில் மிதக்கும், அதில் பசையும் கலந்திருக்கும். சர்க்யூட் போர்டு செதுக்குகிறவர்களுக்குக் கண்ணாடி இழைத் தூள். இந்த இரண்டுக்கும் பெட்டி மட்டும் போதாது, உள்ளேயே உறிஞ்சும் வேக்கமும் நல்ல ஃபில்ட்டரும் வேண்டும். வெட்டி முடித்ததும் கதவைத் திறந்தால் உள்ளே மிதந்துகொண்டிருக்கும் தூள் அப்படியே முகத்துக்கு வரும், அதனால் வேக்கத்தைச் சில நிமிடம் கூடுதலாக ஓடவிட்டுத் திறக்கிற பழக்கம் நல்லது. அலுமினியம் என்றால் தூளைவிடத் தெறிக்கும் சீவல்தான் பிரச்சினை, சூடாக வேறு இருக்கும். அது மெஷினை இயக்கும் கண்ட்ரோலர் போர்டில் போய் விழுந்தால் போர்டு அன்றே காலி.

அளவெடுக்கும்போது மெஷினை ஓடவிடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் சறுக்குகிற இடம் இது. மெஷினின் பெயரில் இருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. 3018 என்றால் 300க்கு 180 மி.மீ. என்ற வேலைப் பரப்பு மட்டும்தான், மெஷின் அடைக்கிற இடம் அதைவிட மிகப் பெரிது. அதிலும் இந்த வகையில் பொருளை வைக்கும் தட்டே முன்னும் பின்னும் நகரும், அது முழுதாக முன்னே வந்தால் சட்டத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நிறுத்தி வைத்த மெஷினை டேப் வைத்து அளந்துவிட்டுப் பெட்டி வாங்கினால் முதல் வேலையிலேயே தட்டு கதவை முட்டும்.

எனவே மெஷினை ஆன் செய்து, ஒவ்வொரு அச்சையும் கடைசி எல்லை வரை ஓட்டி நிறுத்தி, அங்கே வெளியே நீட்டிக்கொண்டிருப்பது எதுவோ அதிலிருந்து அளவெடுங்கள். அது பல நேரம் சட்டமாக இருக்காது. மோட்டாரின் பின்பக்கத்து வயராக இருக்கும், தட்டில் முறுக்கியிருக்கும் கிளாம்பின் திருகாக இருக்கும். உயரத்தில்தான் இன்னும் கவனம் வேண்டும். ஸ்பிண்டில் மேலே போய் நிற்கும்போது அதன் தலை, அதற்கு மேலே பவர் வயர் வளையும் இடம், வேக்கம் குழாய் வளையும் இடம் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். என் இரண்டாவது பெட்டியில் குழாயை மறந்தேன். கூரையில் அழுத்திய குழாய், பிட்டைச் சுற்றித் தூளை உறிஞ்சும் மூடியை ஒரு பக்கமாகத் தள்ள, அது பொருளின் விளிம்பில் மாட்டிக்கொண்டு, நல்ல ஒரு பலகை வீணாயிற்று.

அளவு கிடைத்த பிறகு, கை போகத் தேவையில்லாத பக்கங்களில் 50 மி.மீ. சேர்த்தால் போதும். கை போக வேண்டிய பக்கம், அதாவது முன்புறமும் ஸ்பேனர் பிடிக்கும் பக்கமும், 100 மி.மீ.க்குக் குறையாமல் விடுங்கள். ஸ்பேனரைச் சுற்றத் தோதாக இருக்க வேண்டும், முட்டி இடித்தால் அந்தப் பெட்டியை வெறுத்துவிடுவீர்கள். ரொம்பப் பெரிதாக எடுத்தாலும் நஷ்டம்தான், பெரிய தகடு அதிகம் அதிரும், துடைக்கிற இடமும் கூடும். ஆனால் சிறியதா பெரியதா என்று தயக்கம் வந்தால் பெரியதன் பக்கமே சாயுங்கள். அடுத்த ஆண்டு ஸ்பிண்டிலை மாற்றத் தோன்றும், எல்லோருக்கும் தோன்றும்.

காசு செலவழிக்கும் முன் ஓர் அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி அதே உள் அளவில் மெஷினைச் சுற்றி நிறுத்திவிடுங்கள். கதவு வர வேண்டிய இடத்தில் மட்டும் ஓட்டை. மெஷினை ஓட்ட வேண்டாம், சும்மா பிட் மாற்றிப் பாருங்கள், பொருளைக் கிளாம்ப் செய்து பாருங்கள், பிட்டின் நுனியைத் தாளில் தொடவைத்து ஜீரோ (வெட்டு எங்கிருந்து தொடங்கும் என்ற உயரம்) எடுத்துப் பாருங்கள். குனிய வேண்டியிருக்கிறதா, கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கிறதா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். விளையாட்டுத்தனமாகத் தெரிந்தாலும் என் மூன்றாவது பெட்டி உருப்படியாக வந்ததற்கு இந்த அட்டைதான் காரணம்.

கதவு

சுவர்களைவிடக் கதவைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிப்பேன். முன்பக்கம் முழு அகலத்துக்கும் திறக்க வேண்டும், நடுவில் குறுக்குக் கம்பி இருக்கக் கூடாது. மேலே கீல் வைத்துத் தூக்கும் கதவானால் அது தானாக நிற்க வேண்டும், வாயு அழுத்தத்தில் தாங்கும் கேஸ் ஸ்ட்ரட்டோ ஒரு சாதாரண முட்டுக்கம்பியோ போதும், ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வேலை பார்க்கிற நிலைமை வரக் கூடாது. இரட்டைக் கதவு பக்கவாட்டில் திறப்பதும் நன்றாகவே இருக்கும், பக்கத்தில் இடம் இருந்தால். கீழே சாயும் கதவு எனக்குப் பிடிப்பதில்லை, அதன் மேலேயே கையை ஊன்ற வேண்டியிருக்கும், தூளும் கீல் இடுக்கில் சேரும். எனக்கு ரொம்பப் பிடித்தது முன்பக்கமும் கூரையின் பாதியும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வருகிற அமைப்பு. செய்வது கொஞ்சம் சிரமம், ஆனால் திறந்தால் பெட்டி இருப்பதே தெரியாது.

வாசலின் கீழ் விளிம்பு உயரமாக இருந்தால் தூளைக் கூட்டி வெளியே தள்ள முடியாது, அதையும் பாருங்கள். நீளமான பலகையில் வேலை செய்கிற எண்ணம் இருந்தால் முன்னும் பின்னும் தட்டின் மட்டத்தில் ஒரு நீளப் பிளவு விட்டு, அதை ரப்பர் பட்டையாலோ பிரஷ் பட்டையாலோ மறைக்கலாம்.

எந்தப் பொருளில்?

துணிக் கூடாரம் மலிவு, மடித்து வைக்கலாம், தூளைப் பிடித்து வைக்கும். பெரும்பாலும் 3டி பிரிண்டருக்காகச் செய்தவை. சத்தத்துக்கு எதுவும் செய்யாது, உடைந்த பிட் பறந்து வந்தால் அதை நம்பவும் முடியாது. சர்க்யூட் போர்டு, மெழுகு, மெல்லிய மரம் என்று இலேசான வேலைக்கு ஒத்துவரும்.

அலுமினியச் சட்டத்தில் கண்ணாடி மாதிரித் தகடு பொருத்திய பெட்டிகள்தான் கடையில் அதிகம் கிடைப்பவை. இதில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: தகடு அக்ரிலிக்கா, பாலிகார்பனேட்டா? இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஆனால் வேகமாக ஏதாவது மோதினால் அக்ரிலிக் கூர்கூராக உடையும். பாலிகார்பனேட் நெளியும், குழி விழும், சிதறாது. பாதுகாப்புக் கண்ணாடிகளைப் பாலிகார்பனேட்டில் செய்வது அதனால்தான். அதன் குறை, சீக்கிரம் கீறல் விழும். தூள் படிந்த தகட்டைக் காய்ந்த துணியால் துடைத்தால் ஒரே மாதத்தில் பனிமூட்டம் போல ஆகிவிடும், முதலில் ஊதிவிட்டு அல்லது தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு மெல்லிய துணியால் துடையுங்கள். அசிட்டோன் பக்கமே போக வேண்டாம், இரண்டு தகட்டையும் அது கெடுக்கும்.

சத்தம்தான் பிரச்சினை என்றால் எம்டிஎஃப் அல்லது ப்ளைவுட். கணக்கு எளிது: தகட்டின் எடை இரட்டிப்பானால் தோராயமாக 5, 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும். 3 மி.மீ. அக்ரிலிக் ஒரு சதுர மீட்டருக்கு மூன்றரைக் கிலோதான் இருக்கும், 18 மி.மீ. எம்டிஎஃப் 13 கிலோ வரை வரும். அதாவது ஏறக்குறைய இரண்டு முறை இரட்டிப்பு. 10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியான மாதிரி இருக்கும் என்பார்கள், ஆகவே இது சின்ன வித்தியாசம் இல்லை. ஆனால் அந்த எடையை மேசையும் நீங்களும் சுமக்க வேண்டும். 700க்கு 600 மி.மீ., உயரம் 500 என்று ஒரு பெட்டியை 18 மி.மீ. எம்டிஎஃப்பில் அடிப்பலகையோடு செய்தால் 28 கிலோ பக்கம் வரும். 12 மி.மீ.யில் செய்தால் 19 கிலோ. மெஷினின் எடை தனி. மேசையின் கால்கள் ஆடுகிற ஜாதி என்றால் முதலில் மேசையை மாற்றுங்கள்.

மரப்பெட்டியில் ஜன்னலைச் சின்னதாக வையுங்கள், 5 அல்லது 6 மி.மீ. பாலிகார்பனேட்டில். முழுக் கதவும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் சத்தம் இலேசான பக்கமாகத்தான் வெளியேறும். நாம் உண்மையில் பார்க்கப் போவது பிட்டின் நுனியை மட்டும்தானே. தண்ணீர் கலந்த கூலண்ட் (பிட்டைக் குளிர்விக்கும் திரவம்) தெளிக்கிற வேலை என்றால் எம்டிஎஃப் கூடாது, ஊறி உப்பிவிடும். உலோகத் தட்டு அடியில் வேண்டும், மூலைகளை சிலிக்கான் வைத்து அடைக்க வேண்டும். பழைய அலமாரியை மாற்றிக்கொள்கிறவர்களும் உண்டு, ஆழம் போதுமானால் அது நல்ல யோசனை, கதவும் கீலும் ஏற்கெனவே இருக்கிறது.

இடைவெளி, ஃபோம், அதிர்வு

கனமான பெட்டி செய்துவிட்டுச் சத்தம் குறையவே இல்லை என்று சலித்துக்கொள்பவர்களின் பெட்டியைப் பார்த்தால் எங்கேயாவது ஓர் இடைவெளி இருக்கும். பெட்டியின் மொத்தப் பரப்பில் 1 சதவீதம் திறந்திருந்தால், மற்ற சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. 10 சதவீதம் திறந்திருந்தால் 10 டெசிபலோடு சரி. கதவைச் சுற்றி அரை விரல் சந்து, வயர் போகும் பெரிய ஓட்டை, குழாயைச் சுற்றி இடைவெளி, இவற்றைக் கூட்டிப் பார்த்தால் சதவீதம் எப்படி ஏறுகிறது என்று தெரியும். கதவைச் சுற்றி ஃபோம் டேப் ஒட்டி, கதவை அதன் மேல் அழுத்திப் பிடிக்கிற தாழ்ப்பாள் போடுங்கள். காந்தம் மட்டும் போட்டால் கதவு ஒட்டிக்கொள்ளும், அழுத்தாது.

உள்ளே ஒட்டும் ஃபோம் பற்றி நிறையத் தவறான நம்பிக்கை உலவுகிறது. ஃபோம் சத்தத்தைத் தடுப்பதில்லை. உள்ளே எதிரொலித்துக்கொண்டே இருக்கும் சத்தத்தைக் கொஞ்சம் விழுங்கும், குறிப்பாகக் கீச்சென்ற உயர் ஒலியை. கனமான சுவருக்கு உள்ளே ஒட்டினால் பலன் தெரியும். மெல்லிய அக்ரிலிக்கில் ஒட்டினால் வெளியே தெரிந்துகொண்டிருந்த மெஷின் தெரியாமல் போகும், அவ்வளவே. இன்னொன்று, சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் மிக வேகமாகத் தீப்பிடிக்கும், அதன் புகையும் விஷம். தீத்தாங்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். முட்டை அட்டை மாதிரி மேடு பள்ளமான ஃபோமில் தூள் போய் அடைந்தால் எடுக்கவே முடியாது, தட்டையானது மேல்.

மேசை வழியாகப் போகும் அதிர்வைப் பெட்டியின் சுவர் நிறுத்தாது. மெஷினின் கால் நேரே மேசையில் நின்றால் மேசை முழுவதும் ஒரு மேளம் மாதிரி ஆகிவிடும். எனக்குப் பலித்த வழி, பெட்டிக்குள் அடியில் அடர்த்தியான ரப்பர் விரிப்பு, அதன் மேல் கனமான சிமெண்ட் ஓடு, அதன் மேல் மெஷின். மெஷின் பெட்டியின் சுவரை எங்கும் தொடக் கூடாது. இதைச் செய்த அன்று, பெட்டியை மூடியதைவிட அதிக வித்தியாசம் தெரிந்த மாதிரி இருந்தது, குறைந்தபட்சம் அடுத்த அறையில் இருப்பவர்களுக்கு.

எல்லாம் செய்து முடித்துப் பார்த்தால், வெளியே நிற்கும் வேக்கம் கிளீனர்தான் மெஷினைவிட அதிகமாகக் கத்திக்கொண்டிருக்கும்! அதற்குத் தனியாக ஒரு பெட்டி, அல்லது நீளக் குழாய் போட்டுக் கதவுக்கு அந்தப் பக்கம். காதுக்கு எவ்வளவு தாங்கும் என்பதற்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் சொல்லும் அளவு 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி நேரம். போனில் இருக்கும் ஒலி அளக்கும் செயலி துல்லியமாக இருக்காது, ஆனால் ஒரே இடத்தில் வைத்து, ஒரே வேலையை ஓட்டி, முன்னும் பின்னும் ஒப்பிடப் போதுமானது.

சூடும் தீயும்

இடைவெளியை எல்லாம் அடைத்தால் காற்றும் அடைபட்டுவிடும். 700 வாட் ரூட்டர் இழுக்கும் மின்சாரம் கடைசியில் ஏறக்குறைய முழுதும் சூடாகத்தான் மாறும், அது பெட்டிக்குள்ளேயே சுற்றும். சின்ன மோட்டார் மெஷினுக்கு இது பெரிய கவலை இல்லை, ரூட்டருக்குக் கண்டிப்பாகக் கவலைதான். வேக்கம் ஓடினால் உள்ளே இருக்கும் காற்றை அதுவே இழுத்து வெளியேற்றும், ஆனால் புதுக்காற்று உள்ளே வர ஒரு வழி வேண்டும், இல்லாவிட்டால் வேக்கம் திணறும். அந்த வழியை நேரான ஓட்டையாக விடாதீர்கள். பலகைத் துண்டுகளை வைத்து இரண்டு மூன்று முறை வளைந்து போகிற மாதிரிச் சின்னச் சுரங்கம் ஒன்று செய்து, உள்ளே ஃபோம் ஒட்டினால் காற்று வளைந்து வந்துவிடும், சத்தம் ஒவ்வொரு வளைவிலும் குறையும். குழாய் இருக்கும் மூலைக்கு எதிர் மூலையில் இதை வையுங்கள், அப்போதுதான் காற்று பெட்டி முழுவதையும் கடந்து போகும்.

கண்ட்ரோலர் போர்டும் பவர் சப்ளையும் பெட்டிக்கு வெளியேதான். இதில் பேரம் இல்லை. நான் முதலில் உள்ளேயே வைத்திருந்தேன், மூன்று மணி நேர வேலை ஒன்றில் பாதிக்கு மேல் எல்லாக் கோடும் சில மி.மீ. தள்ளிப் போயிருந்தது. பிட்டைச் சந்தேகப்பட்டேன், ஃபைலைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் பார்த்தால் ஸ்டெப்பர் மோட்டாரை இயக்கும் டிரைவர் சூடேறித் தன்னைக் காத்துக்கொள்ள நொடிப்பொழுது நின்று நின்று போயிருக்கிறது. மெஷினோடு போர்டு ஒட்டியே வருகிற மாடல் என்றால் வயரை நீட்டி வெளியே எடுத்துவிடலாம், கடினமான வேலை இல்லை.

தீ பற்றி யாரும் பேசுவதில்லை, பேச வேண்டும். பிட் சுற்றிக்கொண்டே இருக்க, நகர்வு மட்டும் நின்றுபோனால், உராய்வில் மரம் கருகிப் புகைய ஆரம்பிக்கும். அந்தக் கனலை வேக்கம் இழுத்துத் தன் பைக்குள் கொண்டுபோனால் அங்கே தூள் மூட்டை காத்திருக்கிறது. பெட்டி மூடியிருப்பதால் வாசனை தாமதமாகத்தான் வரும். ஓடும் மெஷினை விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள், பக்கத்தில் ஒரு தீயணைப்பான் இருக்கட்டும், மேலே ஒரு புகை உணரி. அலுமினியம் வெட்ட ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தெளிக்கிறவர்கள் உண்டு. அறை வெப்பத்திலேயே எழும் அதன் ஆவி ஒரு பொறி பட்டால் தீப்பிடிக்கும், மூடிய பெட்டிக்குள் அதைச் செய்யவே வேண்டாம்.

நிறுத்தும் பட்டன், கதவு சுவிட்ச், விளக்கு

எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் பெட்டிக்கு வெளியே, முன்பக்கம், தேடாமல் கை போகிற இடத்தில். அது மெஷினையும் ஸ்பிண்டிலையும் சேர்த்து நிறுத்த வேண்டும். பல பேர் கண்ட்ரோலருக்குள் ஓடும் மென்பொருளான (ஃபர்ம்வேர்) ஜிஆர்பிஎல் 1.1ல் இருக்கும் கதவு சுவிட்ச் வசதியைப் பயன்படுத்துகிறார்கள், கதவைத் திறந்தால் நகர்வு நின்று ஸ்பிண்டிலும் அணையும். நல்ல வசதி, ஆனால் ஃபர்ம்வேரில் அதை இயக்கி வைத்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், ஸ்பிண்டிலைக் கண்ட்ரோலர் இயக்கினால்தான் அது அணைக்கும். ட்ரிம் ரூட்டருக்கு அதன் மேலேயே தனி சுவிட்ச், கண்ட்ரோலருக்கு அது இருப்பதே தெரியாது. கதவைத் திறந்தால் மெஷின் நிற்கும், பிட் சுற்றிக்கொண்டே இருக்கும். ரூட்டரின் மின்சாரம் ஒரு தகுந்த ரிலே (கண்ட்ரோலர் இயக்கும் சுவிட்ச்) வழியாகப் போக வேண்டும், வீட்டு மின்சாரத்தில் கைவைத்துப் பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சுவிட்சை, சாதாரணமாக மூடிய நிலையில் இருந்து திறந்தால் நிறுத்துகிற வகையாக இணைப்பது நல்லது, வயர் அறுந்தாலும் மெஷின் நின்றுவிடும்.

வேக்கம் குழாயில் தூள் ஓடும்போது நிலைமின்சாரம் சேரும். தொட்டால் சுள்ளென்று இருக்கும், யுஎஸ்பி இணைப்பு திடீரென அறுந்து வேலை பாதியில் நிற்பதற்கும் இது ஒரு காரணம். உலோகச் சட்டத்தை எர்த் செய்யுங்கள், மின்சாரம் கடத்தும் வகைக் குழாய் கிடைத்தால் அதுவே நல்லது.

விளக்கு கட்டாயம், மரப்பெட்டிக்குள் ஒன்றுமே தெரியாது. முன்பக்க மேல் மூலைகள் இரண்டிலும் எல்இடி பட்டை ஒட்டினால் ஸ்பிண்டிலின் நிழல் பிட்டின் மேல் விழாது. ஒளியைக் குறைக்கும் டிம்மர் வேண்டாம், அது விளக்கை வேகமாக அணைத்து எரியவிட்டுத்தான் ஒளியைக் குறைக்கிறது, சில வேகங்களில் சுற்றும் பிட் அசையாமல் நிற்பது போலத் தோன்றும்.

லேசர் பொருத்தும் எண்ணம் இருந்தால்

மேலே சொன்னதில் பாதி மாறிவிடும். இந்த மெஷின்களில் பொருத்தும் டயோடு லேசர் பெரும்பாலும் 445 முதல் 455 நானோமீட்டர் நீல ஒளி. நிறமில்லாத பாலிகார்பனேட்டும் அக்ரிலிக்கும் அதை அப்படியே வெளியே விடும், கண் பார்வை போக ஒரு கணம் போதும். அந்த அலைநீளத்துக்கென்று அளவிட்டுச் செய்த வண்ணத் தகடு வேண்டும், இல்லையென்றால் ஜன்னலே வைக்காமல் உள்ளே ஒரு கேமரா வைத்துப் பாருங்கள். ஃபோமை எடுத்துவிடுங்கள். புகையை அறைக்கு வெளியே கொண்டுபோகும் குழாய் வேண்டும். பிவிசி, வினைல் எதையும் லேசரில் வெட்டக் கூடாது, வெளியேறும் ஹைட்ரஜன் குளோரைடு உங்கள் நுரையீரலையும் மெஷினையும் சேர்த்து அரிக்கும்.

வாங்கப் போகிறீர்களா?

விளம்பரத்தில் இருப்பது வெளி அளவா உள் அளவா என்று முதலில் பாருங்கள், சட்டத்தின் தடிமன் போக உள்ளே கிடைப்பது குறைவு. அடித்தட்டு உண்டா? பல பெட்டிகளுக்கு அடியே கிடையாது, மேசையில் கவிழ்த்து வைப்பதுதான், தூள் கீழ் வழியாக வெளியே வரும். குழாய் ஓட்டை உங்கள் குழாய்க்கு ஒத்துவருமா, தகடு எத்தனை மி.மீ., கதவு எவ்வளவு அகலம் திறக்கும், இவற்றுக்குப் பதில் கிடைக்காத பெட்டியை விட்டுவிடலாம். மெஷினே இன்னும் வாங்கவில்லை என்றால், நோமேட் 3, கார்வேரா போலப் பெட்டியோடு சேர்த்தே வடிவமைத்த மேசை மெஷின்களும் இருக்கின்றன. விலை அதிகம், ஆனால் மேலே சொன்ன பாதித் தலைவலி உங்களுக்கு இல்லை.

பெட்டி வந்த அன்றே ஃபோமை ஒட்ட ஆரம்பிக்காதீர்கள். ஒரு வாரம் வெறும் பெட்டியாக ஓட்டிப் பாருங்கள், எங்கே வயர் உரசுகிறது, எங்கே ஓட்டை போட வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் தெரியும். பிறகு ஓர் இரவு அறையை இருட்டாக்கிவிட்டு, போனின் டார்ச்சைப் பெட்டிக்குள் எரியவிட்டுக் கதவை மூடுங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் தூளும் சத்தமும் கசியும், பென்சிலால் குறித்துக்கொண்டு டேப் ஒட்டுங்கள். அதன் பிறகு உள்ளே ஒரு சாதாரண வெப்பமானியைத் தொங்கவிட்டு, நீங்கள் வழக்கமாகச் செய்யும் நீளமான வேலை ஒன்றை ஓட்டுங்கள். எண் ஏறி ஓரிடத்தில் நின்றால் சரி, நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் காற்று வழியைப் பெரிதாக்க வேண்டும். ஸ்பேனர்கள் இரண்டையும் பெட்டிக்கு வெளியே ஓர் ஆணியடித்து மாட்டிவிடுங்கள், உள்ளே வைத்தால் ஒவ்வொரு முறையும் தூளுக்குள் கைவிட்டுத் தேட வேண்டியிருக்கும்.